ரீயூனியன் எரிமலைக் கரை: அரை நாளுக்குத் தனி வண்டி எடுக்கலாமா?

சாரல்

வணக்கம். வேலை காரணமாக இப்போது மொரீஷியஸில் இருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, பக்கத்து ரீயூனியன் தீவையும் பார்த்துவிடலாம் என்று டிக்கெட் போட்டுவிட்டோம். விமானத்தில் முக்கால் மணி நேரம்தான். தங்குவது தெற்கே சேன் பியேர் ஊரில். திரும்பும் விமானம் வடக்கே சேன் தெனி பக்கமுள்ள ரோலான் காரோஸ் நிலையத்திலிருந்து, மாலையில்.

அந்தக் கடைசி நாளின் பகல் பொழுதுதான் கையில் இருக்கிறது. எரிமலைக் குழம்பு வழிந்து கடலில் இறங்கிய தென்கிழக்குக் கரையைப் பார்த்தே தீரவேண்டும் என்கிறார் அப்பா. வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு முழங்கால் வலி. சமதளத்தில் மெல்ல நடப்பார், படியும் சரிவும் ஆகாது. சைவம் வேறு.

தனி வண்டி, கூடவே ஒரு வழிகாட்டி என்று அரை நாள் சுற்றுலா நிறையப் பேர் நடத்துகிறார்கள். அரை நாளில் உருப்படியாக ஏதாவது பார்க்க முடியுமா? அங்கே வழிகாட்டி வைக்கும் அளவுக்கு விஷயம் இருக்கிறதா, நானே கார் ஓட்டிக்கொண்டு போனால் போதாதா? எங்கே நிற்கலாம், எதை விட்டுவிடலாம்? போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

சக்கரம்

காரை வாடகைக்கு எடுத்து நீங்களே ஓட்டுங்கள் என்பேன். தீவைச் சுற்றி ஓடும் தேசிய நெடுஞ்சாலை 2 லாவா வழிந்த நிலத்தின் குறுக்கே நேராகப் போகிறது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், வழி தவறவே முடியாது. சாலையும் நன்றாக இருக்கும். ஒவ்வொரு லாவா ஓட்டத்தின் ஓரத்திலும் அது எந்த ஆண்டு வந்தது என்று பலகை வைத்திருக்கிறார்கள். அதைப் படித்துக்கொண்டே போகலாம். பிடித்த இடத்தில் நின்று, பிடித்த நேரம் வரை இருக்கலாம்.

மொரீஷியஸில் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரே ஒரு சிக்கல்: அங்கே இடப்பக்கம், ரீயூனியனில் பிரான்ஸ் போல வலப்பக்கம். ரவுண்டானாக்களில் மட்டும் கவனம் வேண்டும். சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கார் ஜோன் என்ற மஞ்சள் பேருந்தும் அந்தப் பக்கம் போகும். ஆனால் ஓரிடத்தில் இறங்கினால் அடுத்த பேருந்துக்குக் காத்திருந்தே பொழுது போய்விடும். பெரியவர்களோடு அது வேண்டாம்.

புதுவைக்காரன்

சாரல் தங்கச்சி, நான் பூர்வீகம் புதுச்சேரி, குடியிருப்பது சேன் பியேர். உங்கள் கேள்வியில் ஒரு விஷயம் பொன்னாக இருக்கிறது. விமானம் வடக்கே, தங்குவது தெற்கே.

இங்கே நடக்கும் அரை நாள் சுற்றுலாக்களில் பெரும்பாலானவை ஓட்டலில் ஏற்றிக்கொண்டு, லாவா நிலம் வரை போய், அதே வழியில் திரும்பி ஓட்டலிலேயே இறக்கிவிடும். ஐந்து மணி நேரத்தில் பாதி, பார்த்த சாலையிலேயே திரும்பி வருவதில் போகும். நீங்கள் திரும்பி வரவே வேண்டியதில்லை. பெட்டிகளை டிக்கியில் ஏற்றிக்கொண்டு, தெற்கிலிருந்து கிழக்குக் கரை வழியாக வடக்கே போய் விமான நிலையத்திலேயே இறக்கிவிடச் சொல்லுங்கள். சேன் பியேர், சேன் ஜோசெஃப், சேன் ஃபிலிப், கிரான் ப்ருலே, பித்தோன் சேந்த் ரோஸ், சேன் பெனுவா, சேன் ஆந்த்ரே, அப்புறம் விமான நிலையம். ஓட்டம் மட்டும் சுமாராக இரண்டரை மணி நேரம். நின்று நின்று போனால் ஆறு மணி நேரம். எப்படியும் மேற்குக் கரைச் சாலையில் போக்குவரத்து நெரிசலில் உட்கார்ந்துதான் விமான நிலையம் போயிருப்பீர்கள். அந்த நேரத்தை இந்தப் பக்கம் செலவழிக்கலாம்.

பொதுச் சுற்றுலா வேனில் இதைக் கேட்க முடியாது. தனி வண்டியில் கேட்கலாம். வண்டிக்காரர் திரும்பி வரும் தூரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பார், நியாயம்தான்.

சக்கரம் சொன்னதுபோல வாடகைக் காரையும் விமான நிலையத்தில் விடலாம், மறுக்கவில்லை. ஆனால் பெட்டி படுக்கை, பாஸ்போர்ட் எல்லாவற்றையும் டிக்கியில் வைத்துவிட்டு, ஆளில்லாத வாகன நிறுத்தங்களில் இறங்கிப் போக வேண்டும். காட்சி முனைகளில் நிறுத்திய வாடகைக் கார்களை உடைத்துத் திருடுவது இங்கே நடக்கிற விஷயம். ஓட்டுநர் வண்டியோடு இருந்தால் அந்தக் கவலை இல்லை. அம்மா களைத்தால் ஏசியில் உட்கார்ந்திருக்கவும் வண்டி வாசலிலேயே நிற்கும்.

எரிமலைப்பித்தன்

அப்பா கேட்டது சரியான இடம். விவரம் தெரிந்து போனால் இன்னும் நன்றாக இருக்கும் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

பித்தோன் த லா ஃபுர்னேஸ் 2,600 மீட்டருக்கு மேல் உயரமுள்ள எரிமலை. உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று. ஆனால் வெடித்துச் சிதறுகிற சாதி இல்லை. தரையில் பிளவு விழும், அதன் வழியாகக் குழம்பு பொங்கி ஓடும். உச்சியைச் சுற்றிக் கிழக்கே கடலைப் பார்த்துத் திறந்த குதிரை லாட வடிவில் ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது. பெரும்பாலான ஓட்டங்கள் அதற்குள்ளேயே அடங்கிவிடும். அந்தப் பள்ளம் கடலைத் தொடும் கீழ்ப்பகுதிதான் கிரான் ப்ருலே. வடக்கே ஒரு செங்குத்துச் சுவர், தெற்கே ஒரு செங்குத்துச் சுவர். சாலை ஒரு சுவரில் இறங்கி, லாவா நிலத்தைக் கடந்து, மறு சுவரில் ஏறும். நடுவில் நிரந்தரக் குடியிருப்பு கிடையாது.

2007 ஏப்ரல் 2ஆம் தேதி தொடங்கியது இந்த எரிமலையின் மிகப் பெரிய நிகழ்வுகளில் ஒன்று. மலையின் அடிப்பகுதியில், திராம்ப்ளே கிராமத்துக்கு மேலே, பிளவு விட்டது. குழம்பு மேலிருந்து அவ்வளவு வேகமாக வடிந்ததில் உச்சியிலுள்ள தொலோமியே வாய்க்குள் தரையே 300 மீட்டருக்கும் மேல் உள்ளே இறங்கிவிட்டது. கீழே ஒரு கிலோமீட்டருக்கும் மேல் அகலமாக லாவா சாலையை மூடிக்கொண்டு கடலில் இறங்கியது. தீவு அங்கே கடலுக்குள் வளர்ந்தது. மே 1 வரை ஓடியது. திராம்ப்ளே மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. சாலையைத் திரும்பப் போட்ட பிறகும் அடியில் சூடு தணியவில்லை. மழை பெய்தால் ஆண்டுக்கணக்கில் ஆவி கிளம்பிக்கொண்டே இருந்தது.

அந்த ஓட்டத்தில் இறங்கி ஒரு கல்லைக் குனிந்து பாருங்கள். கருப்புக்குள் பச்சையாக மின்னும் பொடி தெரியும். ஒலிவின் என்ற படிகம். பூமிக்குள் வெகு ஆழத்திலிருந்து வந்தது. பக்கத்துக் கடற்கரையில் மணலே அதனால் இளம்பச்சை கலந்த கருப்பாக இருக்கும். (அங்கே இறங்கும் பாதை சரிவு, அம்மா மேலேயே இருக்கட்டும். கல்லை எடுத்து வராதீர்கள். இந்த நிலம் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது.)

இன்னொரு செய்தி, வரலாற்று ஆசிரியர் என்றதால் சொல்கிறேன். ரீயூனியனுக்கு அடியிலுள்ள, பூமியின் ஆழத்திலிருந்து சூடு மேலெழும் வெப்பப் புள்ளிதான் ஏறக்குறைய 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தின் எரிமலைப் பாறைகளை உண்டாக்கியது என்பது புவியியலாளர்கள் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். இந்தியா வடக்கே நகர, அதே புள்ளியின் தடத்தில் லட்சத்தீவு, மாலத்தீவு, மொரீஷியஸ் என்று வரிசையாக வந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையில் மகாராஷ்டிரப் பக்கம் பார்க்கும் அடுக்கடுக்கான கரும்பாறைக்கும் இங்கே நேற்று ஆறிய பாறைக்கும் பிறப்பிடம் ஒன்று.

சக்கரம்

இதெல்லாம் அருமையான தகவல். ஆனால் இந்தப் பதிவை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டால் வழிகாட்டி எதற்கு?

எரிமலைப்பித்தன்

நியாயமான கேள்வி. பலகையில் ஆண்டு இருக்கும், அவ்வளவுதான். 2004 ஓட்டத்தின் மேல் சாம்பல் வெள்ளி நிறத்தில் ஒரு லைக்கன் பூசியது போலப் படர்ந்திருக்கும். பாறையில் முதலில் குடியேறுவது அதுதான். அடுத்து பெரணி. அப்புறம் சின்னப் புதர்கள். கொஞ்சம் தள்ளிப் பழைய ஓட்டத்தில் காடே நிற்கும். சில கிலோமீட்டருக்குள் வெறும் பாறையிலிருந்து அடர்காடு வரை எல்லா வயதும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நல்ல வழிகாட்டி ஒருவர் ஒரே இடத்தில் நிறுத்தி, இடது கைப் பக்கம் எந்த ஆண்டு, வலது கைப் பக்கம் எந்த ஆண்டு, கயிறு முறுக்கியது போல் வழவழப்பாக ஆறியது ஏன், பக்கத்தில் கரடுமுரடாக நொறுங்கிக் கிடப்பது ஏன் என்று காட்டிக்கொண்டே போனார். நீங்களே ஓட்டிக்கொண்டு போனால் வளைவையும் எதிரே வரும் வண்டியையும்தான் பார்ப்பீர்கள். கருப்பாக இருக்கிறது, படம் எடுத்தோம் என்று பத்து நிமிடத்தில் கடந்துவிடுவார்கள் பலரும். பார்க்க வந்த இடமே அதுதானே.

அலைவரிசை

குறுக்கே ஒரு கேள்வி. இதற்குப் பதில் மேலே எரிமலை வாய்க்கே போகலாமே? சேன் பியேரிலிருந்து அதுவும் அரை நாள்தான் என்று படித்தேன்.

நெய்தல்

பா த பெல்கோம்ப் காட்சி முனையைச் சொல்கிறீர்கள். 2,300 மீட்டர் உயரம். அங்கே வரை கார் போகும், வழியில் சாப்ல் சமவெளி செவ்வாய்க் கிரகத்தைப் பார்ப்பது போல இருக்கும், அழகுதான். ஆனால் விடியற்காலையிலேயே போகவேண்டும். முற்பகலில் மேகம் ஏறிவிட்டால் பள்ளம் முழுக்க வெள்ளையாகத்தான் தெரியும். ஜூலை ஆகஸ்டில் நல்ல குளிர். முழங்கால் வலியுள்ளவர்கள் அங்கிருந்து மேலே ஒன்றும் செய்ய முடியாது, வேலியோரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இரண்டையும் சேர்த்து "எரிமலையும் காட்டுத் தெற்கும்" (இந்தத் தெற்குக் கரையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்) என்று விற்பது முழு நாள் சுற்றுலா. அரை நாளில் இரண்டையும் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வண்டிக்குள் உட்கார்ந்திருந்ததுதான் மிச்சமாக இருக்கும்.

சாரல், நான் பிள்ளைகளோடும் மாமியாரோடும் போனேன். எந்த இடம் அம்மாவுக்கு ஒத்துவரும் என்று அந்தக் கணக்கில் சொல்கிறேன்.

காப் மெஷான்: வண்டியிலிருந்து இறங்கிச் சமமான புல்தரை. கடலோரம் முழுக்கத் தாழை இனத்து மரங்கள், இங்கே வக்கோவா என்பார்கள், வேர்கள் முக்காலி போட்டது போல் தரைக்கு மேல் நிற்கும். அதன் ஓலையில்தான் பையும் கூடையும் முடைகிறார்கள். விளிம்பில் கரும்பாறைச் செங்குத்து, கீழே அலை வந்து அறையும்போது தரை அதிர்வது காலில் தெரியும். விளிம்புப் பக்கம் போகவே வேண்டாம். தடுப்பு இல்லாத இடங்கள் உண்டு. பத்தடி தள்ளி நின்றாலே முகத்தில் உப்புச் சாரல் அடிக்கும். மாமியார் அங்கேயே உட்கார்ந்துவிட்டார், கிளப்புவது பெரும்பாடாகிவிட்டது.

போவாந்த் த லா தாப்ல்: 1986 மார்ச்சில் லாவா கடலில் இறங்கி உருவான முனை. 25 ஹெக்டேர் அளவுக்குப் புது நிலம். பக்கத்தில் பியூயி அராப் என்ற பழைய கிணறும் கூரை போட்ட உட்காரும் இடங்களும் இருக்கின்றன. அம்மா அங்கே உட்காரட்டும், நீங்களும் அப்பாவும் கொஞ்ச தூரம் பாறையில் நடந்துவிட்டு வாருங்கள். கால் வைக்க மேடுபள்ளம், நல்ல செருப்பு போதாது, ஷூ வேண்டும்.

ஆன்ஸ் தே காஸ்காத்: பனை வகை மரங்கள் அடர்ந்த சின்ன விரிகுடா, பின்னால் பாறையிலிருந்து நீர்வீழ்ச்சிகள், முன்னால் மீனவர் படகுகள். வண்டி கீழே வரை இறங்கும். பாறை சரியும் அபாயம் இருந்தால் வழியை அடைத்துவிடுவார்கள், முதல் நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

லாவாக் குகை: 2004 ஓட்டத்துக்கு அடியில் குழாய் போன்ற குகைகள். தலைக்கவசம், முட்டிக்கவசம் எல்லாம் கொடுத்து அதற்கென்றே உள்ள வழிகாட்டிகள் கூட்டிப்போவார்கள். என் பிள்ளைகள் இன்றுவரை பேசுவது அதைத்தான். ஆனால் அதற்கே அரை நாள் போய்விடும், சில இடங்களில் தவழ வேண்டும். இந்தப் பயணத்தில் அதை விட்டுவிடுங்கள்.

புதுவைக்காரன்

நெய்தல் அக்கா பட்டியலோடு ஒன்றைச் சேர்க்கிறேன், அதை விடவே கூடாது. பித்தோன் சேந்த் ரோஸில் உள்ள நோத்ர் தாம் தே லாவ் தேவாலயம். 1977 ஏப்ரலில் லாவா வழக்கமான பள்ளத்துக்கு வெளியே, ஊருக்கு மேலேயே வெடித்து இறங்கியது. மக்கள் முன்கூட்டி வெளியேறிவிட்டார்கள், உயிர்ச்சேதம் இல்லை. வீடுகள் போயின, ஜாந்தார்ம்கள் (பிரெஞ்சுக் காவலர்கள்) நிலையம் எரிந்துபோனது. தேவாலயத்தின் முன்னால் வந்த குழம்பு வாசலில் நுழைந்து, அங்கேயே நின்று, இரண்டாகப் பிரிந்து சுவரைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. கட்டடம் தப்பியது. ஆறிய பாறை இன்றும் சுவரை ஒட்டி இருக்கிறது. சாலையோரமே உள்ளது, அம்மா நடக்க வேண்டியதே இல்லை. அந்த நிகழ்வுக்குப் பிறகுதான் மலையைக் கண்காணிக்க நிரந்தர ஆய்வுக்கூடம் வந்தது. இன்று தரை சற்று வீங்கினால்கூட அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

நீலக் குடை பிடித்த மாதா சிலை ஒன்றும் இந்தப் பகுதியில் பெயர்போனது. லாவா நெருங்கும்போதெல்லாம் இடம் மாற்றி மாற்றி வைத்துக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். அப்புறம் சாலையோரம் சிவப்பு வண்ணம் அடித்த சின்னச் சின்ன மாடங்கள் கண்ணில் படும். சேன் எக்ஸ்பெதி என்ற புனிதருக்கு. தமிழ் வழி வந்த குடும்பங்களும் அங்கே பூ வைத்துக் கும்பிடுவார்கள்.

கரிசல்

நேரில் சிவப்பாக ஓடும் லாவாவைப் பார்க்க வாய்ப்பு உண்டா? அதற்காகவே போக நினைக்கிறேன்.

எரிமலைப்பித்தன்

அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். பல ஆண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வெடிக்கும், சில ஆண்டுகள் சும்மா இருக்கும். வெடித்தாலும் பெரும்பாலும் உச்சிப் பக்கம், பள்ளத்துக்குள். அப்போது பள்ளத்துக்குள் இறங்கும் பாதையை மாவட்ட நிர்வாகம் உடனே மூடிவிடும். லாவா கீழே வரை வந்தால் கரைச் சாலையையும் மூடுவார்கள். சாரலுக்கும் இது பொருந்தும். சாலை மூடியிருந்தால் புதுவைக்காரன் சொன்ன ஒருவழித் திட்டம் நடக்காது. முதல் நாள் மாலை வழிகாட்டியிடம் சாலை நிலவரத்தைக் கேட்டுவிடுங்கள். மூடியிருந்தால் மேற்கு வழியாகப் போகும் மாற்றுத் திட்டம் வைத்திருக்க வேண்டும்.

சாரல்

எல்லோருக்கும் நன்றி. புதுவைக்காரன் அண்ணா, திரும்பி வராமல் அப்படியே போகலாம் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், தக்காணச் செய்தியைக் கேட்டதிலிருந்து பூகோளப் படத்தை விரித்து வைத்துக்கொண்டிருக்கிறார்.

மூன்று சந்தேகம். அம்மாவுக்கு வழியில் சைவச் சாப்பாடு கிடைக்குமா? கடலில் கால் நனைக்கலாமா? இந்தப் பக்கம் மழை அதிகம் என்கிறார்களே, மழை வந்தால் பணம் வீணா?

புதுவைக்காரன்

மழையை முதலில் சொல்கிறேன். காற்று மோதும் பக்கம் கிழக்கு. சேந்த் ரோஸ் பக்கம் மழை பெய்யாத மாதம் என்று ஒன்று கிடையாது. 1966 ஜனவரியில் ஒரு புயலின்போது இந்த எரிமலையின் சரிவில் 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பெய்து உலகச் சாதனை ஆனது. சென்னைக்கு ஆண்டு முழுக்கப் பெய்வதைவிட அதிகம். ஜனவரி முதல் மார்ச் வரை புயல் காலம், அப்போது முன்பணத்தைத் திருப்பித் தருவார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற மாதங்களில் பொழிந்துவிட்டு ஓய்ந்துவிடும் மழைதான். நனைந்த லாவாவின் கருப்பும் பெரணியின் பச்சையும் வெயிலில் பார்ப்பதைவிட எனக்குப் பிடிக்கும். ஒரு மழைச்சட்டை போதும், குடை காற்றில் நிற்காது.

கடல்: இந்தக் கரையில் எங்கேயும் இறங்காதீர்கள். அலையும் நீரோட்டமும் பொல்லாதது. சுறா தாக்குதல்கள் 2011 முதல் அதிகமானதால், 2013 முதல் பவளப்பாறைக்கு உள்ளே உள்ள பகுதியும் பாதுகாத்த சில இடங்களும் தவிர மற்ற இடங்களில் குளிக்கத் தடை இருக்கிறது. கால் நனைத்தே ஆகவேண்டும் என்றால் கிளம்பும் பக்கத்திலேயே மனாபனியில் பாறைக்குள் அடைத்த குளம் ஒன்று உள்ளது. அங்கே வக்கோவா இலைகளில் பளிச்சென்று பச்சைப் பல்லி இருக்கும். தீவின் இந்தத் தெற்கு ஓரத்தில் மட்டும் வாழும் இனம். அப்பாவுக்குக் காட்டுங்கள்.

சாப்பாடு: கிரியோல் கடைகளில் சோறும் கறியும்தான், கோழி, மீன், புகை போட்ட இறைச்சி. பருப்பு, அவரை வகையைக் கிரெய்ன் என்று தனிக் கிண்ணத்தில் வைப்பார்கள், சில கடைகளில் அதிலேயே இறைச்சித் துண்டு போட்டு வேகவைப்பார்கள், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். முருங்கைக்கீரை இங்கே எல்லோருக்கும் தெரிந்த கீரை. அஷார் என்ற காய்கறி ஊறுகாய், ருகாய் என்ற தக்காளித் தொக்கு இரண்டும் சோற்றுக்கு நன்றாக இருக்கும். காலையில் ரோட்டோரம் பொம்பொன் பிமான் கிடைக்கும். அவரைப் பருப்பை அரைத்துப் பச்சை மிளகாய் போட்டுப் பொரித்த வடைதான், அம்மா நம்பிச் சாப்பிடலாம். இருந்தாலும் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போய் காப் மெஷானில் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை இங்கே எல்லாக் குடும்பமும் பானை, அடுப்போடு வந்து அதைத்தான் செய்கிறது. ஞாயிறு என்றால் இடம் பிடிக்க ஒன்பது மணிக்கு முன்னால் போகவேண்டும், முடிந்தால் வேறு நாள் பாருங்கள்.

நெய்தல்

வண்டி பேசும்போது என்ன கேட்கவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், இதில் எனக்கு அனுபவம் கசப்பு. ஒரு நிறுவனத்தில் தனிச் சுற்றுலா என்று பணம் கட்டினோம். வந்தவர் ஓட்டுநர் மட்டும், லாவாவைப் பற்றி ஒரு வார்த்தை தெரியாது. பிரெஞ்சு தவிர வேறு மொழியும் தெரியாது. பாதி நேரம் வனிலா விற்கிற கடையிலும் கைவினைக் கடையிலும் போனது. லாவா நிலத்தில் நிற்கச் சொன்னதற்கு நேரமாகிறது என்றார். பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு கடல் கடந்து போய் அப்படி ஏமாறுவது மனசுக்குப் பெரிய வேதனை.

அதனால் ஓட்டுபவரே வழிகாட்டியா, ஆங்கிலம் பேசுவாரா என்று கேளுங்கள். கட்டணம் வண்டிக்கா ஆளுக்கா, நேரக் கணக்கு ஓட்டலில் ஏறியதிலிருந்தா என்று கேளுங்கள். ஆட்களை ஏற்றும் தொழில் உரிமமும் அதற்கான காப்பீடும் இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள், ஒழுங்காக நடத்துபவர்கள் உடனே காட்டுவார்கள். நிற்கும் இடங்களின் பெயரை நீங்களே எழுதி அனுப்பி, சரி என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள். கடை வேண்டாம் என்றும் எழுதிவிடுங்கள்.

வனிலா பார்க்க ஆசை இருந்தால் அது வேறு. 1841இல் எத்மோன் அல்பியூஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் கையால் மகரந்தம் சேர்க்கும் முறையைக் கண்டுபிடித்தது இந்தத் தீவில்தான். உலகம் முழுக்க இன்றும் அந்த முறைதான். சேன் ஃபிலிப் பக்கம் தோட்டமே பார்க்கலாம். ஆனால் அதற்கு ஒரு மணி நேரம் ஆகும், லாவாவிலிருந்துதான் அந்த நேரத்தைக் கழிக்கவேண்டும்.

சக்கரம்

பெட்டி விஷயமும் ஒருவழி விஷயமும் நான் யோசிக்காதவை. பெற்றோரோடு, விமானம் பிடிக்கிற நாளில் என்றால் நானும் தனி வண்டிக்கே ஓட்டு போடுகிறேன். இரண்டு மூன்று நாள் இருப்பவர்களுக்கு வாடகைக் கார்தான் என்பதில் மாற்றமில்லை.

சாரல்

இப்படிப் போட்டிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள். காலை எட்டு மணிக்குக் கிளம்பி மனாபனி, காப் மெஷான், போவாந்த் த லா தாப்ல், 2007 லாவா, ஆன்ஸ் தே காஸ்காத், தேவாலயம், பிறகு சேன் ஆந்த்ரேயில் லெ கொலோஸ் என்ற தமிழ்க் கோயில். விமானம் மாலை ஏழு மணிக்கு.

புதுவைக்காரன்

எட்டு மணி வேண்டாம். சேன் ஜோசெஃப் ஊருக்குள் அந்த நேரம் நெரிசல். ஆறரைக்குக் கிளம்புங்கள், கரை கிழக்கைப் பார்த்தது என்பதால் காலை வெளிச்சம் லாவா மேல் நேராக விழும். மனாபனியையும் ஆன்ஸ் தே காஸ்காத்தையும் சேர்த்து வைக்காதீர்கள், ஒன்று போதும். மிச்சமாகும் நேரத்தை 2007 ஓட்டத்துக்கும் பக்கத்திலுள்ள 2004 ஓட்டத்துக்கும் கொடுங்கள். ஒன்றேகால் மணி நேரம் அங்கே மட்டும் என்று வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள்.

கோயில் நல்ல யோசனை, அப்பா மகிழ்வார். 1848 டிசம்பர் 20 அன்று இங்கே அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேடிப் புதுச்சேரி, காரைக்கால், சென்னை வழியாக ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்களைக் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்தார்கள். 1882இல் பிரிட்டிஷ் அரசு நிறுத்தும் வரை அது நடந்தது. சேன் ஆந்த்ரே அவர்கள் வாரிசுகளின் ஊர். இன்றும் திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்கிறார்கள், தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள். பேச்சில் தமிழ் போய்விட்டது, வழிபாட்டில் இருக்கிறது. கோயிலைத் தாண்டினால் போவா ரூஜ் சர்க்கரை ஆலை. தீவில் மிஞ்சியுள்ள இரண்டு ஆலைகளில் ஒன்று. அறுவடைக் காலமாக இருந்தால் கரும்பு லாரிகளைப் பார்க்கலாம், கொதிக்கும் பாகு வாசனை சாலை வரை வரும்.

கோயிலுக்குள் விடும் நேரத்தை வழிகாட்டியைப் போன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். விழாவுக்கு முந்தைய விரத நாட்களில் வெளியாட்களை உள்ளே விடாமல் இருக்கலாம். தோல் பெல்ட்டும் பையும் வண்டியிலேயே இருக்கட்டும். ஏழு மணி விமானம் என்றால் நாலு மணிக்குக் கோயிலிலிருந்து கிளம்பிவிடுங்கள், அங்கிருந்து நிலையம் கிட்டத்தான், ஆனால் மாலையில் சேந்த் சூசானிலிருந்து சாலை நிறைந்துவிடும். அப்புறம், வழிகாட்டி யாரும் அமையவில்லை என்றால் தனிமடல் போடுங்கள், இங்கே விசாரித்துச் சொல்கிறேன்.